நிறம் விழாத தோப்பு

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால், "யானைப் படம் போடுகிறேன்" என்றுதான் சொல்வேன். தென்காசியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் தெருவில் பாதிப் பேர் நான் ஓவியம் வரைகிறவள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கோயில் கொடை விழாவுக்கு ஒரு தட்டி வரைந்து தர முடியுமா என்று எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். எனக்கு நேராக ஒரு கோடு போடக்கூட வராது. நான் படித்தது புள்ளியியல்.

சிவகிரியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் மலையடிவாரத்தில் யானைகள் எங்கெல்லாம் இறங்குகின்றன என்று கவனிக்கிற ஓர் ஆய்வுக் குழுவுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கணவர் ராணுவத்தில் வடக்கே இருக்கிறார். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கணினியின் முன் உட்காருவேன். தோப்புக்காரர்களும் காவல்காரர்களும் கால்வாய் பார்க்கிறவர்களும் கால்தடம், லத்தி என்கிற யானைச் சாணம், முறிந்த தென்னை என்று கண்ணில் பட்டதைத் தங்கள் போனிலிருந்து இடத்தோடு சேர்த்து அனுப்புவார்கள். வரைபடத்தில் ஒவ்வொரு தகவலும் ஒரு புள்ளி. புள்ளிகளை அப்படியே போட்டால் எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும், ஒன்றும் விளங்காது. அதனால் எந்த இடத்தில் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று கணக்கிட்டு, அந்த நெருக்கத்துக்கு நிறம் கொடுப்போம். குறைவாக இருந்தால் மஞ்சள், கூடக் கூட ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு. அடியில் வானத்திலிருந்து எடுத்த படம், தோப்பும் காடும் பச்சையாகத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் படம் அடிவாரத்து ஊர்களின் வாட்ஸப் குழுக்களுக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் பலர் அடுத்த வாரம் எந்தப் பக்கம் ஆள் வைத்துக் காய் வெட்டலாம் என்று முடிவு செய்வார்கள்.

இந்த வேலையில் எனக்கு முன்னால் இருந்தவர் வெளிநாடு போய்விட்டார். அவர் எழுதி வைத்த கணினி நிரலைத்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கருஞ்சிவப்பு எந்த எண்ணில் முடிய வேண்டும் என்பதை அவர் நிலையாகக் குறித்து வைத்திருந்தார். அது நல்ல யோசனைதான். வாரத்துக்கு வாரம் அளவு மாறினால் போன வாரத்துச் சிவப்பும் இந்த வாரத்துச் சிவப்பும் வேறு வேறாகிவிடும், ஒப்பிட முடியாது.

சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் அண்ணன் இலஞ்சியிலிருந்து பைக்கில் வந்தான், பின்னால் அவன் மனைவி, எனக்கு மைனி. பழைய குற்றாலத்துக்குப் போகிற சாலையிலிருந்து மலைப்பக்கம் பிரிகிற மண்பாதையின் கடைசியில் எங்கள் அப்பா விட்டுப்போன தோப்பு இருக்கிறது. தென்னை, கொஞ்சம் மா, மோட்டார் அறையை ஒட்டி ஒரு பலா. அண்ணன்தான் பார்க்கிறான். ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடந்தவன், அன்றுதான் எழுந்து நடமாடினான். பக்கத்துத் தோப்புக் காவல்காரருக்கும் அவனுக்கும் வாய்க்கால் தண்ணீரில் தகராறு, பேச்சு வார்த்தை கிடையாது. அதனால் தோப்பில் என்ன நடக்கிறது என்று அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

வாசலில் நின்றபடியே போனை என்னிடம் நீட்டினான்.

"ஏட்டி, நீ அனுப்புன படத்தப் பாத்தியா? சுத்திப் பூரா செவப்பு, நம்ம தோப்பு மட்டும் பச்சையா நிக்கு. சோலார் வேலி போட்டது வேல செய்யுது போலுக்கு."

பார்த்தேன். உள்ளங்கை அகலப் படத்தில் ஒரு சிவப்பு வளையம், அதற்கு நடுவே பச்சை. எனக்கும் அவன் சொன்னது சரியென்றே பட்டது.

"பலா பழுத்திருக்கும். புள்ளைய கூட்டிட்டுப் போயி ரெண்டு பழம் எடுத்துட்டு, சாப்பாட்டுக்குத் திரும்பிருதோம்."

"மழக்கோட்ட மாட்டி விடு. சாரல் இன்னைக்கு விடாது" என்றாள் மைனி.

மகள் அதற்குள் பைக்கின் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். மாமா தோப்புக்குப் போவதென்றால் அவளுக்கு அருவிக்குப் போவதைவிடச் சந்தோஷம்.

அவர்கள் போன பிறகு சோற்றுக்கு அரிசியைக் களைந்து வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். மறுநாள் ஆய்வுக் குழுவின் தலைவிக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். மேடம் என்றுதான் அவரை நாங்கள் கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமைப் படத்தோடு, அந்த வாரம் எந்த இடங்களில் நெருக்கம் அதிகம் என்று வரிசைப்படுத்தியும் அவருக்குத் தர வேண்டும். கணக்கை ஓடவிட்டேன். முதல் வரியில் வந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் எனக்குப் பழக்கமானவையாக இருந்தன. நான் அந்த வேலையில் சேர்ந்த முதல் நாள் விளையாட்டாகத் தேடிப் பார்த்த இடம் அது. எங்கள் தோப்பு.

எங்கோ தவறு என்று நினைத்தேன். படத்தில் அந்த இடம் பச்சை. வரிசையில் அதுதான் முதல். புள்ளிகளைத் திறந்து பார்த்தேன். பக்கத்துத் தோப்புக் காவல்காரர் நாள் தவறாமல் அனுப்பியிருந்தார். கால்வாய்க்காரரும் அனுப்பியிருந்தார். லத்தி, தடம், சாய்ந்த கம்பி, மறுபடியும் தடம், குட்டியோடு தாய். எல்லாம் எங்கள் வேலியை ஒட்டி, வேலிக்கு உள்ளே, பலாவைச் சுற்றி. அந்தப் பருவத்திலேயே அவ்வளவு தகவல் ஓரிடத்திலிருந்து வந்ததில்லை.

நிரலில் நிறம் கொடுக்கிற வரிக்குப் போனேன். கருஞ்சிவப்பு முடிகிற எண் அங்கே இருந்தது. எங்கள் தோப்பின் எண் அதைத் தாண்டியிருந்தது. வரம்பைத் தாண்டிய எண்ணை என்ன செய்வது என்று யாரும் அதற்குச் சொல்லி வைக்கவில்லை. சொல்லாவிட்டால் அது அந்த எண்ணை இல்லாத எண்ணாக எடுத்துக்கொள்ளும். இல்லாத எண்ணுக்கு நிறம் கிடையாது. நிறம் இல்லாவிட்டால் அடியில் இருக்கும் பச்சை தெரியும். யானையே வராத இடமும், அளவுக்கு மேல் யானை வந்த இடமும் அந்தப் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். சில இடங்கள் விடப்பட்டன என்று கீழே ஒரு வரி எச்சரிக்கை வந்திருந்தது. இடம் சரியாகப் பதியாத தகவல்களுக்கும் வாராவாரம் அதே எச்சரிக்கைதான் வரும். யாரும் கண்டுகொள்வதில்லை.

அண்ணனைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மைனியைக் கூப்பிட்டேன். அதே குரல், அதே பதில். அந்தத் தோப்பில் மோட்டார் அறையின் மாடியில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். பக்கத்துத் தோப்புக் காவல்காரர் எண்ணுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் ஸ்கூட்டரை எடுத்தேன்.

மத்தளம்பாறை வழியாகச் சுற்றிப் போயிருக்கலாம். பதற்றத்தில் குற்றாலம் வழியையே பிடித்தேன். சீசன் ஞாயிற்றுக்கிழமை. தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக ஊரே சாலையில் நடந்தது. சிப்ஸ் கடைகளின் வாசலில் வேன்கள் அப்படியே நின்றன. பழைய குற்றாலத்துக்குத் திரும்புகிற இடத்தில் தடுப்பை இழுத்துப் போட்டு, மழைக்கோட்டில் ஒரு போலீஸ்காரர் நின்றார்.

"யம்மா, அங்கன வண்டி நிறைஞ்சி போச்சி. திரும்புங்க."

"குளிக்கப் போகல சார். எங்க தோப்புக்குப் போறேன். எம் புள்ள அங்க இருக்கா."

"எல்லாரும் இதத்தான் சொல்லுதாவ."

"சார், தோப்புக்குள்ள யானை நிக்கு. அவங்களுக்குத் தெரியாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பொய்யா என்று பார்த்தாரோ, பைத்தியமா என்று பார்த்தாரோ. "நீங்க பாத்தியளா?" என்று கேட்டார்.

அதற்கு என்ன பதில் சொல்வது? கணினியில் ஒரு எண்ணைப் பார்த்தேன் என்றா? "பாத்தேன்" என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியோடு நான் வேறெதையும் சொன்னதில்லை.

தடுப்பை நகர்த்தினார். "பாரஸ்ட்காரங்களுக்குச் சொல்லுதேன். எந்தத் தோப்பு? நீங்க தனியா உள்ள போவாதீங்க, கேட்டியளா?" என்று பின்னால் கத்தினார். மண்பாதையின் கடைசித் தோப்பு என்று நானும் கத்திவிட்டுப் போனேன்.

மண்பாதை முழுக்கச் சேறு. ஸ்கூட்டர் இழுத்து இழுத்துப் போனது. சாலையில் இருந்த வரைக்கும் வண்டிச் சத்தமும் மனிதச் சத்தமும் துணைக்கு இருந்தன. பாதையில் திரும்பியதும் சாரல் இலைமேல் விழுகிற சத்தம் மட்டும்தான். பலா வாடை முதலில் வந்தது. பிறகு வேறொரு வாடை, சாணமும் ஈரத் தழையும் கலந்தது. பாதை நடுவில் லத்தி கிடந்தது. சாரல் அதைக் கரைக்கக்கூட இல்லை. அவ்வளவு புதிது.

வேலி வாசலில் அண்ணன் பைக் நின்றது. அதற்கப்பால் வேலியின் ஒரு பக்கம் முழுக்கத் தரையோடு படுத்திருந்தது. கம்பிகளின் மேல் ஒரு காய்ந்த தென்னை மரம் விழுந்து கிடந்தது, காற்றில் விழுந்தது என்று அண்ணன் நினைத்திருப்பான். ஸ்கூட்டரை அணைக்காமல் நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். அண்ணனைக் கூப்பிட வாய் திறந்தேன். அப்போது மோட்டார் அறையின் சின்ன ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. ஒரு பலாப்பழத்தைத் தள்ளியது. பழம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. பலா மரத்தின் பின்னால், நான் பாறை என்று நினைத்துக்கொண்டிருந்தது அசைந்தது.

பெரிய யானை. அதன் முன்காலை ஒட்டி ஒரு குட்டி. அறையின் தகரக் கதவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கட்டில் போடுகிற இடம்கூட இல்லை.

"ஏட்டி." அண்ணனின் குரல், மூச்சு மாதிரி. "அங்கனயே நில்லு. அசையாத. ஓடாத."

மாமரத்தின் அருகே இருந்தேன். மரத்தோடு ஒட்டிக்கொண்டேன். ஜன்னலில் அண்ணன் கை மட்டும் தெரிந்தது. அவர்கள் பறித்த பழங்களையெல்லாம் மழைக்காக அந்த அறைக்குள்தான் வைத்திருந்தார்கள். அந்த வாடைக்குத்தான் யானை கதவுக்கு வந்தது. அது தும்பிக்கையால் கதவின் விளிம்பை மேலிருந்து கீழே தடவியது, நிதானமாக, நாம் இருட்டில் தாழ்ப்பாளைத் தேடுவதைப் போல. தகரம் முனகியது. அடுத்த பழம் விழுந்தது. யானை அதைக் காலால் அமுக்கிப் பிளந்தது. குட்டிக்கும் கொஞ்சம் கிடைத்தது. தின்று முடித்ததும் மறுபடியும் கதவு.

என் மகளின் சத்தமே கேட்கவில்லை. அது எனக்குத் தைரியத்தைத் தரவில்லை. ஏன் கேட்கவில்லை, உள்ளேதான் இருக்கிறாளா, அண்ணன் அவளை எங்கே விட்டான் என்று மனது அலறியது. உள்ளே எத்தனை பழம் மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன். பழம் தீர்ந்துபோனால் என்ன என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

அப்போது குட்டிக்கு என் ஸ்கூட்டரின் சத்தம் கேட்டிருக்க வேண்டும். காதை விரித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு வேடிக்கை பார்க்கிற பிள்ளை மாதிரி வேலியை நோக்கி நடந்தது. தாய் கதவை விட்டுவிட்டுப் பின்னால் வந்தது. இரண்டுக்கும் வழி நான் நின்ற மாமரத்தை ஒட்டித்தான். மரத்தின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவை. தாயின் மூச்சு எனக்குக் கேட்டது. ஈரத் தோலில் ஒட்டியிருந்த பலாச்சுளை தெரிந்தது. சிறுநீர் போய்விட்டது, அதுகூடப் பிறகுதான் தெரிந்தது.

ஸ்கூட்டர் தானாகவே நின்றுபோனது. தாய் நின்றது. தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. அந்த நேரத்தில் கீழே பாதைப் பக்கமிருந்து தகரம் தட்டுகிற சத்தம் வந்தது, பட்டாசு இல்லை, வெறும் தகரம், மெதுவாக, இடைவிடாமல். வனத்துறை ஆட்கள். பட்டாசு போட்டிருந்தால் அவை மிரண்டு திரும்பி மோட்டார் அறைப் பக்கமே ஓடியிருக்கும் என்று பிறகு அவர்கள் சொன்னார்கள். தாய் குட்டியைத் தன் வயிற்றோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு, கால்வாய்க் கரையேறி, மலைப்பக்கம் போனது. அவசரமே இல்லாமல் போனது.

கதவைத் திறக்க அண்ணனால் முடியவில்லை. தகரம் உள்வளைந்து பிடித்துக்கொண்டது. வனத்துறை ஆட்கள்தான் கடப்பாரையால் நெம்பினார்கள். மைனி என் மகளை மடியில் வைத்து, வாயைத் தன் கையால் பொத்தியிருந்தாள். கையை எடுக்க மறந்துபோயிருந்தாள். நான்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மகள் அழவில்லை. என்னைப் பார்த்து, "அம்மா, மாமா எல்லாப் பழத்தையும் குடுத்துட்டாவ" என்றாள்.

அண்ணன் வெளியே வந்து தென்னையடியில் உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான்.

"படத்துல பச்சையாத்தானட்டி இருந்துச்சி."

அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இலஞ்சியில் அவன் வீட்டுக்குக் கணினியை எடுத்துப் போய், நிறத்தின் வரம்பைக் காட்டினேன். அந்த எண்ணைக் கொஞ்சம் ஏற்றியதும் பச்சை மறைந்து அந்த இடம் ரத்தக்கட்டியைப் போல நிறைந்தது. மைனி பார்க்க மாட்டேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அண்ணன் நெடுநேரம் பார்த்தான். "அப்பொ, நெறையக் கூடிப்போச்சின்னா இது கண்ண மூடிக்கிடுமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதைவிடச் சுருக்கமாக என்னாலும் மேடத்திடம் விளக்க முடியவில்லை.

மேடம் நல்லவர். போனிலேயே அதிர்ந்துபோனார். வரம்பை உயர்த்திவிடலாம் என்றார். உயர்த்திப் பார்த்தேன். எங்கள் தோப்பு கருஞ்சிவப்புக்குள் வந்தது, ஆனால் மற்ற ஊர்களெல்லாம் வெளுத்தன. வடகரைப் பக்கம் சிவப்பாக இருந்தது ஆரஞ்சானது, ஆரஞ்சு மஞ்சளானது. அங்கே யானை ஒன்றுகூடக் குறையவில்லை. ஓரிடத்தின் பெரிய எண்ணுக்காக அளவை நீட்டினால் மற்ற எல்லா இடத்தின் பயமும் குறைந்துபோகும். அதனால் அளவை அப்படியே விட்டுவிட்டு, தாண்டிய எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு நிறம் கொடுத்தேன். மஞ்சளிலும் சிவப்பிலும் சேராத கத்திரிப்பூ நிறம். 'அளவுக்கு மேல், போகாதீர்கள்' என்று படத்தின் ஓரத்தில் எழுதினேன். தகவலே வராத இடங்களைச் சாம்பல் நிறமாக்கினேன். பச்சை எங்குமே தெரியாதபடி செய்தேன்.

பயம் அதோடு முடியும் என்று நினைத்தேன். அது வேறு வழியில் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமைப் படத்தில் ஐந்தருவிக்கு மேலே ஒரு துண்டு கத்திரிப்பூ நிறம் விழுந்தது. அங்கே தங்கும் விடுதிகள் நிறைய. படம் எப்படியோ விவசாயிகளின் குழுக்களைத் தாண்டிச் சுற்றுலா வருகிறவர்கள் கைக்கும் போய்விட்டது. சனிக்கிழமை காலை தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. மரியாதையான, வயதான குரல்.

"தங்கச்சி, நீங்கதான் அந்தக் கலர் படம் போடுதியளா?"

"ஆமா. நீங்க?"

"நமக்கு ஐந்தருவிப் பக்கம் காட்டேஜ் இருக்கு. அதுக்கு மேல கத்திரிப்பூ கலரு அடிச்சிருக்கிய. சீசன் நேரம். ரூம் போட்டவங்க பூராக் கேன்சல் பண்ணுதாவ."

"நானா அடிக்கிறது இல்ல அண்ணாச்சி. வர்ற தகவல வச்சி அதுவா விழுறது."

"ஒரு எண்ண மாத்துனா கலரு மாறிரும்லா. நம்ம பையன் கம்ப்யூட்டர் படிச்சிருக்கான், சொன்னான்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உங்க வீட்டுக்காரரு மிலிட்டரியிலதான இருக்காவ? புள்ளையோட தனியா இருக்கிய. பாத்து இருங்க தங்கச்சி." கோபமே இல்லாமல் சொன்னார். வைத்துவிட்டார்.

யானை எதிரே நின்றபோது எனக்கு இருந்த பயத்துக்கு ஒரு அளவு இருந்தது. கண்ணுக்கு முன்னால் நின்றது, போனதும் போய்விட்டது. இது போகவில்லை. மகளைப் பள்ளிக்கு ஆட்டோவில் அனுப்புவதை நிறுத்திவிட்டு நானே கொண்டு விட்டேன். வாசலில் யாராவது பைக்கை நிறுத்திப் போனைப் பார்த்தால் ஜன்னலைச் சாத்தினேன். அந்தக் குரலில் மிரட்டல் இருந்ததா, உண்மையான அக்கறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்ல மனிதராகக்கூட இருக்கலாம். அப்படி நினைக்க முயன்றபோதெல்லாம், அவருக்கு என் வீட்டு விவரம் எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வந்து நின்றது.

கணவர் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவார். சொன்னேன். "விட்டுரு. வேற வேலை பாத்துக்கிடலாம்" என்றார். "லீவு கெடைக்க நாளாவும். நான் இங்கன இருந்துக்கிட்டு என்ன செய்ய முடியும், சொல்லு."

மேடத்திடமும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "மேல் வரம்பைக் கொஞ்சம் மட்டும் தூக்கிப் பார்ப்போமா? கருஞ்சிவப்பில் முடிந்துவிடும். அது பொய் இல்லையே. உனக்கும் குழந்தைக்கும் ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?" என்றார். அவர் பயந்தது எனக்காகத்தான்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அதைச் செய்தும் பார்த்தேன். ஒரே ஒரு எண். மாற்றியதும் ஐந்தருவியின் மேலிருந்து கத்திரிப்பூ நிறம் போய்விட்டது. படம் அமைதியாக, எல்லாருக்கும் ஏற்றதாக ஆகிவிட்டது. எங்கள் தோப்பு சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு இறங்கியிருந்தது. அந்த ஆரஞ்சைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் பைக்கின் முன்னால் ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பலாம். நாற்காலியில் உட்கார்ந்தே மாமரத்தடியில் வந்த அந்த வாடை வந்தது. பழைய எண்ணைத் திரும்பப் போட்டேன். முதலில் தவறாக அடித்து, அழித்து மறுபடி அடித்தேன். கத்திரிப்பூ நிறத்தோடு படத்தை அனுப்பிவிட்டுப் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். ஏன் அரிசிப் பானை என்று கேட்டால் தெரியாது.

மறுநாள் காலையில் பார்த்தால் ஸ்கூட்டரின் இருக்கை நீளமாகக் கிழிந்திருந்தது. பஞ்சு தெருவில் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்தார்.

"கொரங்குதாம்மா. எங்க வண்டியவும் போன மாசம் இப்படித்தான் பண்ணிட்டு."

இருக்கலாம். சீசனில் குரங்குகள் ஊருக்குள்ளும் வருகின்றன. நான் இரண்டு வாரம் அண்ணன் வீட்டில் போய் இருந்தேன். மகளுக்கு இலஞ்சி பிடித்திருந்தது. ஆனால் பலாப்பழம் வெட்டுகிற வாடை எங்கிருந்தாவது வந்தால் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மைனி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அழுதாள்.

வேறெதுவும் நடக்கவில்லை. அந்தக் குரல் மறுபடி அழைக்கவில்லை. விடுதிகளுக்கு மேலே வனத்துறை ஆட்கள் காவல் போட்டார்கள், வந்தவர்கள் மாலைக்கு முன்பே அறைக்குத் திரும்பினார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படத்தால்தான் ஆகவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். யானைகள் தாமாகவே வேறு பக்கம் போயிருக்கலாம். அண்ணன் தோப்பை ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டான். நான் தென்காசிக்குத் திரும்பினேன்.

சீசன் முடிந்து, அருவிகளில் தண்ணீர் நூலாகி, சிப்ஸ் கடைகளில் பாதி மூடிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை படம் முழுக்கச் சாம்பலாக வந்தது. ஒரு மஞ்சள் துளிகூட இல்லை. மற்றவர்களாக இருந்தால் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். என்னால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. பதிவில் இருந்த எண்களுக்கெல்லாம் வரிசையாகப் போன் போட்டேன். கடைசியில் கால்வாய்க்காரர் எடுத்தார்.

"அண்ணாச்சி, யானை வரலியா, இல்ல நீங்க அந்தப் பக்கம் போகலியா?"

"ஒடம்பு சரியில்லம்மா. ஒரு வாரமா வீட்டுலதான் கெடக்கேன். ஏன், எதுவும் வந்துட்டா?"

"தெரியல அண்ணாச்சி. அதான் கேக்கேன்."

"நாளைக்கி ஒரு எட்டு போயிப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

"வேண்டாம், தனியாப் போகாதீங்க. யாரையாவது கூட்டிட்டுப் போங்க" என்றேன். சாம்பல் நிறத்துக்குக் கீழே 'யாரும் பார்க்கவில்லை' என்று எழுதிப் படத்தை அனுப்பினேன்.